ஹம்பி பிளான் போட்டு கட்டின ஊரா? கொஞ்சம் நீளமான பதில்

கேள்வி இதுதான்: "மதுரைல கோயில சுத்தி சதுரம் சதுரமா வீதி, ஸ்ரீரங்கத்துல ஏழு பிராகாரம், பாத்தாலே பிளான் தெரியுது. ஹம்பி போய் பாத்தா பாறைக்கு நடுவுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா கட்டடம் செதறி கெடக்கு. அவ்ளோ பெரிய விஜயநகர சாம்ராஜ்யத்தோட தலைநகரத்துக்கு டவுன் பிளானிங்னு ஒண்ணு இருந்துச்சா, இல்ல மனசுக்கு வந்த எடத்துல கட்டிட்டு போயிட்டாங்களா?"

பிளான் இருந்துச்சுங்க. ஆனா அது பேப்பர்ல ஸ்கேல் வச்சு கோடு போட்ட பிளான் இல்ல. மதுரைய மனசுல வச்சுக்கிட்டு ஹம்பிக்கு போனா ஒண்ணும் புரியாது, எனக்கும் மொத தடவ போனப்ப புரியல, ஆட்டோக்காரர் எறக்கிவிட்ட எடத்துல எல்லாம் எறங்கி போட்டோ எடுத்துட்டு வந்துட்டேன். ரெண்டாவது தடவ மதங்க மலை மேல ஏறி உக்காந்து பாத்தப்பதான் ஊர் எப்படி கெடக்குனு ஒரு மாதிரி பிடிபட்டுச்சு.

மொதல்ல ஒரு விஷயம். இப்ப நீங்க பாக்குறது ஊர் இல்ல, ஊரோட எலும்பு. வீடு, கடை, அரமனை எல்லாம் மரம், மண், செங்கல், கூரைனு கட்டினது. முழுக்க கல்லுல கட்டினது பெரும்பாலும் சாமிக்குத்தான், ராஜாவோட அரமனைக்கே அடிபீடம் மட்டுந்தான் கருங்கல்லு, அதுக்கு மேல மரத்தூண், மரக்கூரை. ராஜாவோட சபா மண்டபம்னு சொல்ற எடத்துல போய் நின்னு பாருங்க, பத்துக்கு பத்துனு நூறு தூண் நட்ட அடையாளம் மட்டும் தரைல வரிசையா இருக்கும், ஒரு தூண்கூட இருக்காது. 1565ல ஊர் எரிஞ்சப்பவும் அதுக்கப்புறமும் மேல இருந்தது எல்லாம் போச்சு. அதனால கோயிலும் கோட்டைச்சுவரும் இன்னும் சில கட்டடமும் மட்டும் தனித்தனியா நிக்குது, நடுவுல இருந்த ஆயிரக்கணக்கான வீட்ட நம்ம கண்ணு சேத்து பாக்கணும். யுனெஸ்கோ 1986ல பட்டியல்ல சேத்த பரப்பு மட்டுமே ஏறக்குறைய 42 சதுர கிலோமீட்டர், அதுக்கு வெளியவும் ஊர் இருந்துச்சு.

சரி, அந்த எடத்த எதுக்கு பிடிச்சாங்க? துங்கபத்ரா அங்க பாறைய கிழிச்சுக்கிட்டு ஓடுது, அக்கரைல ஆனேகுந்தி, இக்கரைல ஹம்பி. ரெண்டு பக்கமும் வீடு சைஸ் உருண்டப் பாறை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்ச குன்று. 1336ல ஹரிஹரர், புக்கர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஆரம்பிச்சாங்கனு சொல்றது வழக்கம், அதுக்கு ரொம்ப முன்னாடியே பம்பா தேவி, விருபாக்ஷர்னு அது யாத்திரை தலம். 1347ல பாமினி சுல்தானியம் வடக்க வந்துருச்சு, அங்கிருந்து குதிரைப்படை வந்தா ஆத்த தாண்டணும், அப்புறம் குதிரை ஓடவே முடியாத இந்த பாறைக்காட்ட தாண்டணும். பாதி கோட்டைய பூமியே கட்டி குடுத்துருச்சு, மீதி பாதிய குன்றுக்கும் குன்றுக்கும் நடுவுல சுவர் இழுத்து இவங்க முடிச்சாங்க. அதனாலதான் சுவர் நேர்கோட்டுல போகாம பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும், பாறை இருக்குற எடத்துல சுவர் நின்னுடும், பாறை முடிஞ்சதும் திரும்ப ஆரம்பிக்கும்.

1443ல வந்த பாரசீக தூதர் அப்துர் ரசாக் ஏழு சுற்றுக் கோட்டைனு எழுதியிருக்காரு. மொத மூணு சுற்றுக்குள்ள வயலும் தோட்டமும் வீடும், மூணுல இருந்து ஏழு வரைக்கும் கடைவீதியும் ஜன நெருக்கமும்னு சொல்றாரு. ஏழையும் எண்ணி கண்டுபிடிக்கிறதுக்கு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் தலைய பிச்சுக்கிறாங்க, அது வேற விஷயம், ஆனா எனக்கு அதுல முக்கியமா படுறது வயல கோட்டைக்குள்ள வச்சாங்கங்கிறது. முற்றுகை போட்டா ஊரு பட்டினி கெடக்கக்கூடாது. வெளி கோட்டைக்கு முன்னாடி ஆள் உயரத்துக்கு கல்ல நெருக்கமா நட்டு வச்சிருந்தாங்கனும் அவர் சொல்றாரு, குதிரையோ காலாளோ சுலபமா கிட்ட வர முடியாம. கோட்டை வாசல் எதையும் நேரா நுழையுற மாதிரி வைக்கல, உள்ள போனதும் ஒரு திருப்பம், அப்புறம் இன்னொரு திருப்பம். யானைய வச்சு கதவ முட்ட வேகம் எடுக்க எடமே கெடைக்காது. வாசலுக்கு வாசல் ஒரு அனுமாரோ பிள்ளையாரோ இருப்பாரு.

இப்ப ஊரோட அமைப்புக்கு வரேன். 1980ல இருந்து ஜான் ஃப்ரிட்ஸ், ஜார்ஜ் மிச்செல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர் ஒரு குழுவோட அங்கேயே வருஷா வருஷம் தங்கி ஒவ்வொரு கல்லையும் அளந்து மேப் போட்டாங்க. அவங்க பிரிச்ச பிரிவுதான் இப்ப எல்லாரும் சொல்றது. ஆத்தங்கரைய ஒட்டி கோயில்கள் இருக்குற புனிதப் பகுதி. அதுக்கு தெக்க ஒரு பள்ளத்தாக்கு, முழுக்க பாசன வயல். அதுக்கும் தெக்க கோட்டை சூழ்ந்த நகரப் பகுதி, அதோட தென்மேற்கு பக்கத்துல ராஜா இருந்த அரசப் பகுதி. கோயிலுக்கும் அரமனைக்கும் நடுவுல நெல்வயல், வாழைத்தோட்டம்! எந்த தலைநகரத்துல இப்படி பாத்திருக்கீங்க? இத பாத்துட்டுத்தான் நிறைய பேர் "பிளான் இல்லாத ஊர்"னு சொல்லிடுறாங்க, ஆனா அந்த வயல்தான் பிளானோட நடுநாயகம்.

ஏன்னா தண்ணி. அந்த ஏரியா மழை மறைவுப் பகுதி, மழைய நம்பி ஊரே நடத்த முடியாது. ஆறு பக்கத்துல ஓடுது ஆனா பாறைக்கு நடுவுல பள்ளத்துல ஓடுது, ஊர் மேட்டுல இருக்கு. பம்ப் இல்லாத காலத்துல ஆத்து தண்ணிய மேட்டுக்கு கொண்டுவர ஒரே வழி, ஆத்துல மேல்பக்கமா தூரத்துல போய் அணைக்கட்டு போட்டு, அங்கிருந்து வாய்க்கால் வெட்டி, ஆறு எறங்குற வேகத்தவிட மெதுவா எறங்குற மாதிரி வாட்டம் குடுத்து கொண்டுவரணும். அப்படி கொண்டுவந்தா ஊருக்கு வர்றப்ப ஆறு கீழ இருக்கும், வாய்க்கால் மேல இருக்கும். இவங்க பண்ணது அதேதான். ஆத்துக்குள்ள இருக்குற தீவையும் பாறையையும் தூணா வச்சுக்கிட்டு இடைவெளிய மட்டும் கல்லு போட்டு அடைச்சு துருத்து கால்வாய்க்கு தண்ணி திருப்பினாங்க, அந்த கால்வாய்தான் நான் சொன்ன பள்ளத்தாக்கு வழியா ஓடுது, இப்பவும் ஓடுது, அந்த தண்ணிலதான் இன்னிக்கும் நெல்லும் வாழையும் வெளையுது. ராஜா போயி, ராஜ்யம் போயி, அரமனை போயி, வாய்க்கால் மட்டும் வேல செய்யுது.

அரசப் பகுதிக்கு தெக்க கொஞ்சம் மேட்டுல கமலாபுரம் ஏரி. அங்கிருந்து தண்ணி சரிவுலயே எறங்கி அரமனைக்குள்ள வரும், கல்லுல குடைஞ்ச தொட்டி மாதிரி வாய்க்கால தூண் மேல தூக்கி வச்சு கொண்டு போயிருக்காங்க, சில எடத்துல தரைக்கடியில சுட்டமண் குழாய். அரமனை வளாகத்துல நீங்க பாத்திருப்பீங்களே அந்த படிக்கட்டு குளம், கருப்பு கல்லுல பிரமிட தலைகீழா பதிச்ச மாதிரி, அது 1980கள்ல தோண்டுறப்பதான் வெளிய வந்துச்சு, அதுவரைக்கும் அப்படி ஒண்ணு இருக்குனே யாருக்கும் தெரியாது. சுமார் 22 மீட்டர் சதுரம், 7 மீட்டர் ஆழம். அது ஒவ்வொரு கல்லுலயும் சின்னதா கன்னட எழுத்தும் குறியும் வெட்டியிருக்கும், எந்த திசை, எத்தனாவது வரிசை, எத்தனாவது கல்லுனு. கட்டில பிரிச்சு வேற வீட்டுக்கு கொண்டு போறப்ப காலுக்கு நம்பர் போடுவோமே, அதே வேல. கல்ல வேற எடத்துல செதுக்கி கொண்டுவந்து இங்க மாட்டியிருக்காங்கனு அதுல இருந்து தெரியுது. பிளான் இல்லாத ஊர்ல கல்லுக்கு நம்பர் போடுவாங்களா சொல்லுங்க.

தண்ணி விஷயத்துல அவங்களுக்கு இருந்த படிப்பு சாதாரணமானது இல்ல. கடப்பா பக்கம் போருமாமில்லா ஏரில 1369ஆம் வருஷ கல்வெட்டு ஒண்ணு இருக்கு, புக்கரோட மகன் பாஸ்கரன் வெட்டின ஏரி, ஆயிரம் ஆளு, நூறு வண்டி, ரெண்டு வருஷ வேலைனு கணக்கு சொல்லிட்டு, நல்ல ஏரிக்கு வேணும்ங்கிற பன்னெண்டு அம்சம், இருக்கக்கூடாத ஆறு குறை எல்லாத்தையும் வரிசையா வெட்டி வச்சிருக்காங்க. ஒரு சிலபஸ் மாதிரி இருக்கும். பெனுகொண்டால 1388 கல்வெட்டுல சிங்காய பட்டர்னு ஒரு ஜலசூத்திர நிபுணர், அதாவது தண்ணி இஞ்சினியர், அவர்கிட்ட ஆத்த ஊருக்கு கொண்டுவானு இளவரசன் உத்தரவு போட்டது இருக்கு. கல்வெட்டுல பொதுவா ராஜா பேரு, தானம் குடுத்தவன் பேருதான் வரும், இஞ்சினியர் பேரு வர்றது அபூர்வம்.

இதுல சொதப்பலும் உண்டு. கிருஷ்ணதேவராயர் இன்னிக்கு ஹோஸ்பேட்னு சொல்ற பக்கம் ரெண்டு மலைக்கு நடுவுல பெரிய கரை போட்டு ஒரு ஏரி கட்டினாரு, 1520 வாக்குல வந்த போர்ச்சுகீசியர் டொமிங்கோ பாயஸ் அத பாத்திருக்காரு, பதினஞ்சு இருபதாயிரம் பேர் எறும்பு மாதிரி மொய்ச்சு கெடந்தாங்க தரையே தெரியலங்கிறாரு. கட்ட கட்ட கரை ரெண்டு மூணு தடவ ஒடைஞ்சிருக்கு. ஜோவாவ் டி லா போன்ட்டேனு ஒரு போர்ச்சுகீசிய கொத்தனார் வேலைல இருந்தாருனு பின்னாடி வந்த இன்னொரு போர்ச்சுகீசியர் நூனிஸ் எழுதுறாரு. உள்ளூர்ல இவ்ளோ கைதேர்ந்த ஆளுங்க இருந்தும் வெளியாள வேலைல சேத்துக்க ராஜா யோசிக்கல, அது எனக்கு பிடிச்ச விஷயம்.

அடுத்தது ராமாயணம். இத சொன்னா சிலர் பக்தி கதைனு நகந்துடுவாங்க, ஆனா ஹம்பி பிளானுக்கு இது இல்லாம வழியே இல்ல. அந்த ஊர் ஜனங்களுக்கு அது கிஷ்கிந்தை. ஆத்துக்கு அக்கரைல அஞ்சனாத்ரி அனுமார் பொறந்த மலை, மதங்க மலை சுக்ரீவன் வாலிக்கு பயந்து ஒளிஞ்ச எடம், மால்யவந்த மலை ராமர் மழைக்காலம் முடியட்டும்னு காத்திருந்த எடம். இந்த மலைங்க ஏற்கெனவே கதையோட நின்னுட்டு இருக்கு. முதலாம் தேவராயர் காலத்துல, 15ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல, அரசப் பகுதிக்கு நட்ட நடுவுல ஒரு ராமர் கோயில் கட்டினாங்க, இப்ப ஹசாரராமர் கோயில்னு சொல்றது. அந்த கோயில் இருக்குற எடம் சும்மா அமைஞ்சது இல்ல. அங்கிருந்து நேர் வடக்க கோடு இழுத்தா மதங்க மலை உச்சில வீரபத்ரர் கோயில்ல போய் முட்டும், கோயிலுக்கு முன்னாடி மைதானத்துல நின்னு வடகிழக்க பாத்தா மால்யவந்த மலை தெரியும். பெரிய ரோடுங்க எல்லாம் பல திசைல இருந்து இந்த கோயில் முன்னாடி இருக்குற எடத்துக்குத்தான் வந்து சேருது, வண்டிச்சக்கரத்துல ஆரக்கால் குடத்துக்கு வந்து சேர்ற மாதிரி, வெளிய சுத்திவர்ற வட்டப்பாதையும் இருக்கு.

அந்த வடக்கு தெக்கு கோடுதான் அரசப் பகுதியவே ரெண்டா பிரிக்குதுனு ஃப்ரிட்ஸும் மிச்செலும் சொல்றாங்க: கோட்டுக்கு ஒரு பக்கம் ராஜா ஊருக்கு முன்னாடி தோணுற காரியம், விழா, தர்பார், இன்னொரு பக்கம் அவரு குடும்பம், குடியிருப்பு. ராஜாவையும் ராமரையும் ஒரே கோட்டுல வச்சு, "நான் இருக்குறது கிஷ்கிந்தைல, என் ஊருக்கு நடுவுல ராமர்"னு சொல்லாம சொல்றது. சிலர் இந்த கோட்டு கணக்க கொஞ்சம் ஓவர்னு சொல்வாங்க, எந்த ஊர்லயும் ரெண்டு புள்ளி எடுத்தா கோடு போடலாம்தானேனு. நியாயமான சந்தேகம். ஆனா நானே காம்பஸ் எடுத்துட்டு போய் நின்னு பாத்தேன், அவ்ளோ கச்சிதமா தற்செயலா அமையுறது கஷ்டம்.

அந்த கோயில் சுவரையும் கவனிங்க. உள்ள இருக்குற சுவர்ல ராமாயணம் வரிசையா செதுக்கியிருக்கும். வெளி மதில் சுவர்ல ராமர் கெடையாது, யானை, குதிரை, படைவீரன், ஆடுறவங்கனு அடுக்கடுக்கா ஊர்வலம் போகும். அது மகாநவமி விழா ஊர்வலம்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அந்த விழாவுக்குத்தான் பக்கத்துலயே மகாநவமி திப்பாங்கிற பெரிய மேடை. ஒன்பது நாளு, எல்லா நாயக்கரும் தலைநகருக்கு வந்தாகணும், கப்பம் கட்டணும், படைய காட்டணும், ராஜா மேடைல உக்காந்து பாப்பாரு. பாயஸும் நூனிஸும் பக்கம் பக்கமா வர்ணிச்சிருக்காங்க. அந்த மேடையையும் ஒரே தடவைல கட்டல, ஒவ்வொரு ராஜாவும் கல்லு ஒட்டி ஒட்டி பெருசாக்கினது தெரியும். இந்த விழாவோட வாரிசுதான் மைசூர் தசரா.

இப்ப உங்க மதுரை கேள்விக்கு வரேன். ஹம்பில நேரான கோடே இல்லையானா, இருக்கு. எங்க தெரியுமா? தேர் ஓடுற எடத்துல மட்டும். விருபாக்ஷர் கோயில் முன்னாடி முக்கால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வீதி, ரெண்டு பக்கமும் தூண் வச்ச கல் மண்டபம், கடைசில மதங்க மலை அடிவாரத்துல ஒத்தக்கல் நந்தி. விட்டலர் கோயிலுக்கு அதவிட நீளமா, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். கிருஷ்ணர் கோயிலுக்கு ஒண்ணு, அச்சுதராயர் கோயிலுக்கு ஒண்ணு. மனுஷனும் மாடும் போற பாதை பாறைய சுத்திக்கிட்டு போலாம், ஆனா தேர் திரும்பாது, வடம் பிடிச்சு இழுக்குறவனுக்கு நேர்கோடு வேணும், அகலம் வேணும், சமதரை வேணும். நம்ம ஊர்ல கோயில சுத்தி நாலு மாடவீதினு தேர் வட்டமா வந்து நிலைக்கு வரும். ஹம்பில பாறை அதுக்கு எடம் குடுக்கல. அதனால சுத்து வீதிய விட்டுட்டு, வாசலுக்கு நேரா ஒரே ஒரு நீள வீதி, தேர் போயிட்டு அதே வழில திரும்பி வரணும். ஆக, ஸ்ரீரங்கத்துல இருக்குற அதே தேவைதான், பாறைக்கு தக்கன வேற உருவம் எடுத்துருக்கு.

அந்த வீதிதான் கடைத்தெருவும். ஒவ்வொரு பெரிய கோயிலும் ஒரு தனி ஊர் மாதிரி, விருபாக்ஷபுரம், கிருஷ்ணபுரம், அச்சுதபுரம், விட்டலபுரம்னு பேரே உண்டு. கோயில், வீதி, தெப்பக்குளம், சத்திரம், மடப்பள்ளி, சுத்தி வீடுங்க. புது ராஜா வந்தா புது கோயில், அதோட ஒரு புது பேட்டை. அந்தக்கால லேஅவுட் போடுற முறைனு வச்சுக்கோங்களேன். ஒரே மாஸ்டர் பிளான 200 வருஷமா நிரப்பல, அச்ச ஒண்ணு வச்சுக்கிட்டு எடம் கெடைக்கிற எடத்துல அத திரும்ப திரும்ப வார்த்தாங்க. அச்சுதராயர் கோயில் 1534ல கட்டினது, அது வடக்க பாத்து இருக்கும், ஏன்னா அந்த பள்ளத்தாக்கு வடக்கு தெக்கா கெடக்கு, தேர் வீதி அப்படித்தான் போக முடியும்.

விருபாக்ஷர் வீதி மண்டபங்கள்ல பின்னாடி ஜனங்க குடியேறி, சுவர் வச்சு, கடை வச்சு, கெஸ்ட் ஹவுஸ் வச்சு இருந்தாங்க. 2011ல அத எல்லாம் இடிச்சு காலி பண்ணிட்டாங்க. கல்லுக்கு நல்லதுதான், ஆனா கடைவீதியா இருக்கணும்னு கட்டின தெருவுல ஆளே இல்லாம வெறிச்சுனு இருக்குறத பாக்க எனக்கு என்னமோ ஒப்பல.

கட்டடக்கலைய பத்தி கேக்கலனாலும் சொல்லாம விட மனசு வரல, நம்ம ஊர் சம்பந்தம் இருக்கு. ஹேமகூடம் குன்று மேல இருக்குற பழைய சின்ன கோயில்களுக்கு கூரை படிப்படியா பிரமிட் மாதிரி இருக்கும், அது தக்காண பாணி. 1370கள்ல குமார கம்பணர் மதுரை சுல்தான ஜெயிச்சு தமிழ்நாடு முழுக்க விஜயநகரத்துக்கு கீழ வந்தப்புறம் ஹம்பி கோயில்களோட மூஞ்சியே மாறிப்போச்சு. விமானம், கோபுரம், அம்மன் சந்நிதி, கல்யாண மண்டபம்னு நம்ம பக்கத்து வடிவம் எல்லாம் அங்க போச்சு. அடித்தளம் கருங்கல்லு, மேல செங்கல், சுண்ணாம்பு சுதை, அதே முறை. விருபாக்ஷர் கோயில் கிழக்கு கோபுரம் ஒன்பது நிலை, கிட்டத்தட்ட 50 மீட்டர். அங்க பழகின பிரம்மாண்டம் திரும்பி நம்ம ஊருக்கே வந்துச்சு, திருவண்ணாமலை ராஜகோபுரம், சிதம்பரம் வடக்கு கோபுரம், காஞ்சி ஏகாம்பரநாதர் கோபுரம் எல்லாத்துலயும் கிருஷ்ணதேவராயர் பேரு இருக்கு. ராயகோபுரம்னு சொல்றமே, அந்த ராயர் இவங்கதான். விட்டலபுரத்துல திருமங்கை ஆழ்வாருக்கு கோயில், ராமானுஜருக்கு கோயில் எல்லாம் இருக்கு, துங்கபத்ரா கரைல பாசுரம் ஒலிச்ச காலம் அது.

ஆனா ராஜா குடியிருந்த பக்கம் வந்தா ஸ்டைல் வேற. தாமரை மஹால், யானைக் கொட்டாரம், காவல் கோபுரம், ராணி குளியல் மண்டபம், எல்லாத்துலயும் வளைவு, குவிமாடம், சுண்ணாம்பு பூச்சு. யானைக் கொட்டாரத்துல பதினோரு அறைக்கும் விதவிதமா குவிமாடம். சண்டை போட்ட சுல்தான்களோட பாணிய வாங்கி, அதுக்கு மேல கோயில் விமானம் மாதிரி கூரைய வச்சு, இது ரெண்டுமில்லாத ஒண்ணா தாமரை மஹால கட்டினாங்க. கைடுங்க அத ராணி காத்து வாங்குற எடம்னு சொல்வாங்க, 18ஆம் நூற்றாண்டு கடைசில காலின் மெக்கன்சினு ஒரு சர்வே அதிகாரி போட்ட மேப்ல ஆலோசனை மண்டபம்னு இருக்கு. பேரெல்லாம் பின்னாடி வந்தவங்க வச்சது, பேர வச்சு உபயோகத்த முடிவு பண்ணாதீங்க. சாமிக்கு ஒரு பாணி, ராஜாவுக்கு ஒரு பாணினு தெளிவா பிரிச்சு வச்சிருந்தாங்க, அதுவும் ஒரு பிளான்தான்.

ஊருக்குள்ள முஸ்லிம்களுக்கு தனி பகுதி இருந்துச்சு, ரெண்டாம் தேவராயர்கிட்ட வேல பாத்த அகமது கான் 1439ல கட்டின மசூதி இப்பவும் இருக்கு. போய் பாத்தா கோயில் மண்டபம்னுதான் நெனப்பீங்க, வளைவு கெடையாது, குவிமாடம் கெடையாது, சதுரத் தூணு, தட்டைக்கூரை, கல்வெட்டுலயும் தர்மசாலைனுதான் எழுதியிருக்கு. ராஜா வீட்டுல குவிமாடம், மசூதில மண்டபத்தூண். ஜைனருக்கும் எடம் உண்டு, கோட்டை வாசல் பக்கத்துல கணிகித்தி கோயில், 1385ல ரெண்டாம் ஹரிஹரரோட தளபதி இருகப்பர் கட்டினது. அதே இருகப்பர்தான் நம்ம காஞ்சிபுரம் பக்கம் திருப்பருத்திக்குன்றத்துல சங்கீத மண்டபம் கட்டினவரு.

கல்லு எங்கிருந்து வந்துச்சுனு கேட்டா, காலுக்கு கீழ இருந்துதான். பாறைகள உத்து பாருங்க, தபால்தலை ஓரம் மாதிரி வரிசையா குழி இருக்கும். குழி அடிச்சு ஆப்பு எறக்கி பிளந்த தடம். பாதி பிளந்து விட்ட பாறைகூட கெடக்கும். கோட்டைச்சுவர்ல சாந்தே கெடையாது, ஒரு கல்ல இன்னொரு கல்லு பல்லு மாதிரி கவ்விட்டு நிக்குது, உள்ள மண்ணும் சல்லியும் நிரப்பினது. வீடு கட்ட பாறைய ஒடைச்சா எடமும் கெடைக்குது, கல்லும் கெடைக்குது.

அம்பது ரூபா நோட்டுல இருக்கே கல்லுத்தேர், அது தேர் இல்ல, விட்டலருக்கு முன்னாடி இருக்குற கருடன் சந்நிதி. நம்ம இப்ப பாக்குற அளவு மட்டும் இல்ல, மேல செங்கல்லுல ஒரு விமானம் இருந்துச்சு, 1856ல கிரீன்லானு ஒரு ஆங்கிலேய அதிகாரி எடுத்த போட்டோல தெளிவா தெரியும். அப்புறம் அத எடுத்துட்டாங்க. நோட்டுல இருக்குறது மொட்டத்தேர். போட்டோ எடுக்கவே அரிதான காலத்துல பெட்டி கேமராவ தூக்கிட்டு அந்த பாறைக்காட்டுல அலைஞ்சவர கும்பிடணும், அவரோட படத்த வச்சுத்தான் எது எப்ப ஒடைஞ்சுதுனே இன்னிக்கு கண்டுபிடிக்கிறாங்க.

1565 ஜனவரில தக்காண சுல்தான்கள் சேந்து வந்த தலைக்கோட்டை போர்ல, அப்ப ராஜ்யத்த நடத்திட்டு இருந்த ராமராயர் தலை போனதும் தலைநகரம் காலியாச்சு. இவ்ளோ கோட்டை கட்டியும் அந்த தடவ முற்றுகைய தாங்கிப் பாக்கவே இல்லங்கிறது பெரிய வேடிக்கை. போர் நடந்தது வடக்க வெகுதூரத்துல, படை தோத்து திரும்புனதும் அவரு தம்பி திருமலைராயர் பொக்கிஷத்த ஏத்திக்கிட்டு பெனுகொண்டாவுக்கு போயிட்டாரு, ஏழு சுற்று கோட்டைக்குள்ள நின்னு சண்டை போட ஆளில்ல. ரெண்டு வருஷம் கழிச்சு வந்த வெனிஸ் வியாபாரி ஃபெடரிச்சி, வீடுங்க இன்னும் நிக்குது, ஆனா உள்ள புலியும் காட்டு மிருகமும்தான்னு எழுதியிருக்காரு. பிளான் எவ்ளோ நல்லா இருந்தாலும் தண்ணிய, கரைய, மதக பாத்துக்குற ஆளு இல்லனா மேட்டுல இருக்குற அந்த அரசப் பகுதில யாரும் குடியிருக்க முடியாது, ஜனங்க திரும்ப வராததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். கீழ பள்ளத்தாக்குல மட்டும் விவசாயம் நிக்கல.

அடுத்த தடவ போனீங்கனா வரிசைய மாத்திப் பாருங்க. விடியறதுக்கு முன்னாடி மதங்க மலை ஏறிடுங்க, டார்ச் எடுத்துக்கோங்க, படி சரியா இருக்காது. வெளிச்சம் வந்ததும் வடக்க ஆறு, காலடில அச்சுதராயர் வீதி நேரா கோடு போட்ட மாதிரி, மேக்க விருபாக்ஷர் வீதி, தெக்க பச்சையா பள்ளத்தாக்கு, அதுக்கு பின்னாடி அரசப் பகுதி, எல்லாம் ஒரே பார்வைல வரும். எறங்கி கால்வாய ஒட்டி நடந்து கிருஷ்ணர் கோயிலுக்கு போங்க. 1513, 1514ல உதயகிரி கோட்டைய ஜெயிச்சுட்டு கிருஷ்ணதேவராயர் அங்கிருந்து கொண்டுவந்த பாலகிருஷ்ணருக்காக 1515ல கட்டினது அது. அந்த சிலைய தேடாதீங்க, கருவறை காலியாத்தான் இருக்கும். சிலை சென்னை மியூசியத்துல இருக்கு, எழும்பூர்ல பஸ் எறங்கி நடந்து போற தூரம்.